எனக்கு முன்னால் போன பை

புகை வாடை அடித்த காய்ச்சிய பாலை ஆளுக்கொரு மிடறு குடித்துவிட்டு அந்தப் புதன்கிழமை விடியலில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் அப்பாவும் நானும்தான்; தங்கை கைக்குழந்தையாக இருந்ததால் அம்மா வரவில்லை, என் துணிமணியும் பள்ளிச் சான்றிதழும் இருந்த மஞ்சள் பையும் எங்களோடு வரவில்லை.

பை வராததற்குக் காரணம் சூலம். புதன்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குக் கடலூரோ வடக்கே. ஆனால் நான் சேர வேண்டிய கடலூர் மாணவர் விடுதியில் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சான்றிதழோடு வந்தால்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட இக்கட்டுக்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. நல்ல நாளாகப் பார்த்து மூட்டையை மட்டும் முன்கூட்டியே யாரிடமாவது வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் "பரஸ்தானம்" என்று பெயர். அம்மா திங்கட்கிழமையே பையைக் கொண்டுபோய், பஸ் நிலையத்தருகே அரிசிக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் விடுதி விவரம் சொல்லி வைத்துவிட்டு வந்தாள். சான்றிதழையாவது எடுத்து வந்துவிடுகிறேன் என்று மறுநாள் நான் கெஞ்சியபோது, "வச்சத எடுத்தா போற காரியம் வெளங்காதுடா" என்று முடித்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் அதுவரை கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாருமில்லை. விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் நானும் அப்பாவோடு கூலி வேலைக்கு இறங்க வேண்டியதுதான்.

ஏரிக்கரையோரமாக நடந்து பஸ் நிலையத்துக்குப் போனால் பாயின் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "பாயா? மொத பஸ்ஸுலயே முதுநகர் மண்டிக்குப் போயிட்டாரே. ஒரு மஞ்சப் பையப் புள்ள மாதிரி மடியில வச்சிக்கிட்டுப் போனாரு" என்றார்.

அப்பா பாயைத் திட்டக்கூட நிற்கவில்லை. "ஏறு பஸ்ஸுல. இன்னிக்கி ஒன்னச் சேத்துட்டுத்தான் நான் வூட்டுக்குத் திரும்புவேன்" என்றார்.

சிதம்பரத்தில் வண்டி மாறினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் டயர் வெடித்தது. "ஸ்டெப்னியும் பஞ்சருங்க, சித்த நேரம் காத்தாட குந்துங்க" என்று கண்டக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவோ, "கால்ல டயரு இல்லியே, வெடிக்காது, வா" என்று என் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். வழியில் ஒரு வைக்கோல் லாரிக்காரர் இரக்கப்பட்டு எங்களை உச்சியில் ஏற்றிக்கொண்டார். முதுநகர் மண்டியில், தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கி நாங்கள் பாயை விசாரித்ததும் ஒரு மூட்டை தூக்குகிறவர், "பாயி சரக்குக்குச் சொல்லிட்டு அப்பவே பையோட மஞ்சக்குப்பம் போயிட்டாரு மாமா" என்றார். விடுதி இருந்ததும் மஞ்சக்குப்பத்தில்தான்.

ஒரு கட்டுக் கீரைக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற அப்பா, அன்றைக்கு ஜட்காக்காரர் கேட்டதற்குத் தலையாட்டி ஏறிக்கொண்டார். குதிரை தன் பாட்டுக்கு நடந்தது.

"வெரசா வுடுய்யா."

"இது பந்தயக் குதிர இல்ல பெரியவரே."

"அப்ப நிறுத்து. நான் எறங்கித் தள்றேன்."

விடுதி வாசலில் வரிசை தெருவரை நின்றது. வரிசையின் தலைமாட்டில் ஆளுக்குப் பதிலாக என் மஞ்சள் பை உட்கார்ந்திருந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தே பழகிய காதர் பாய் அதே முறையில் பையைப் போட்டு, வரிசை நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்.

"பைக்கு நான் சோறு போட முடியுமாய்யா? ஆளு எங்க?" என்று விடுதிக் காப்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பை வந்துட்டா ஆளு வராமயா போவான் சார்? தோ, வந்துட்டான் பாருங்க."

காப்பாளர் என் தலையிலிருந்த வைக்கோலைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

வெளியே வந்ததும் அப்பா, "யோவ் பாயி, எங்கள இப்படி ஓட வுட்டுட்டியே" என்றார்.

"நீ வெத்தல போட்டுட்டு மெதுவா வர்ற ஆளு மச்சான். கியூ ஒனக்காவ நிக்குமா?"

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா, "பாத்தியா, சூலம் ஒங்க ரெண்டு பேரத்தான் குத்திச்சி, பைய ஒண்ணும் பண்ணல" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் தூளியில் கிடந்த தங்கை விழித்து அழுதாள். எனக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இப்போது நான் சிதம்பரத்தில் படிப்பை முடித்துவிட்டேன். காதர் பாய் மலேயாவுக்குப் போய்விட்டார். அவர் கடை இருந்த இடத்தில் வாடகை சைக்கிள் நிற்கிறது. வருகிற புதன்கிழமை கடலூரில் எனக்கு வேலைக்கான நேர்முகம். பரஸ்தானம் வைக்கவில்லையா என்று அம்மாவைக் கேட்டேன். "யாரு கிட்டடா வைக்கிறது, பாயி இல்லியே" என்றாள். அப்பா மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை: பஸ்ஸுக்கும் ஜட்காவுக்குமாக அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஆன செலவு நாலேகால் ரூபாய், பை ஓசியில் போய்ச் சேர்ந்தது.