முதுகு காட்டும் பொறியான்

ஆவணி மாதம் முதல் ஞாயிறு. வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன், வேகவைத்த கொள்ளை நசுங்கிய அலுமினியத் தட்டில் கொட்டித் தறியோரம் வைத்தேன். பொறியான் வழக்கம்போல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றது. பிறகு என் நாத்தனார் திருப்புட்குழியிலிருந்து வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே அது திரும்பி உட்கார்ந்தது. மாலையில் அவள் பேருந்துக்குக் கிளம்பும்வரை அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் வயிறு எரிகிறது.

பொறியானை வெளியூர்க்காரர்கள் டிராகன் என்பார்கள். பூனையளவு உடல், மடங்கிய இறக்கை, தும்மினால் இரண்டு தீப்பொறி, மனிதரைப் போல நீண்ட ஆயுள். நெசவு செய்யும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில், மழைக்காலத்தில் பாவு நூல் ஈரம் கோக்காமலிருக்க, ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் தறிக்குப் பக்கத்தில் வளர்ப்போம். அது படுத்த இடம் அடுப்படி போலக் கதகதப்பாக இருக்கும். தன் இனத்தோடு ஒட்டாது. தெருவில் இரண்டு சந்தித்தால் இறக்கையை விரித்து ஒன்றையொன்று அளந்துவிட்டு, மனத்தாங்கல் உள்ள சம்பந்திகள் போல விலகிப் போகும். மனிதரிடம்தான் அதன் குணம் முழுவதும் தெரியும்.

நான் மருமகளாக வந்த முதல் மாதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒருநாள் திரும்பி உட்கார்ந்தது, அதோடு சரி. கொள் வேகவைப்பவள் நான், செதிலுக்கு நல்லெண்ணெய் தடவுபவள் நான். நாத்தனாரோ நூல் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். பொறியான் அவள் எதிரே அமர்ந்து இமைக்காமல் பார்க்கும்.

"இன்னா அண்ணி, சோறு போடுறது நீங்க, அது சைட் அடிக்கிறது என்னையா?" என்பாள். நானும் சிரிப்பேன். அன்று குழம்பில் உப்பு கூடிவிடும்.

அவளுக்குக் கல்யாணமாகிப் புறப்படும்போது, "அண்ணா, என்னைப் பாக்காம அது செத்துடும்ணா, எடுத்துக்கினு போறேன்" என்றாள். என் கணவர் என் பக்கம் திரும்பினார். முதுகைக் காட்டுகிற ஒன்றை எந்த உரிமையில் நிறுத்தி வைப்பேன்? "கொடுத்தனுப்புங்க" என்றேன். அது கூடையில் போனது. தறியோரம் தரை சில்லிட்டுக் கிடந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன், எடுத்துப் பார்த்தேன், மறுபடி கவிழ்த்தேன்.

ஒரு வாரத்தில் கூடையோடு வந்து நின்றாள்.

"நீங்களே வெச்சிக்கங்க அண்ணி. தின்னாம தூங்காம என்னையே பாத்துக்கினு இருக்குது. அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு பொறியான்பா. எல்லாம் சோறு போடுறவங்களுக்கு முதுகத்தான் காட்டுது, நிம்மதியா தூங்குது. நம்பாத ஆளத்தான் மொறைச்சிக்கினு உக்காந்திருக்குது. நீங்க வர்றதுக்கு முந்தி, சின்னதுல அது வால மிதிச்சிட்டேன். இத்தினி வருஷமா என்னை காவல் காத்திருக்குது!"

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உங்க எதுர்ல எவ்ளோ ஆடியிருப்பேன். இப்ப எனக்கு எரியுது அண்ணி."

கூடையைத் திறந்ததும் பொறியான் இறங்கி என் காலருகே வந்தது; முதுகைத் திருப்பிக்கொண்டு உடனே உறங்கிப்போனது.

இத்தனை வருஷமாக இதெல்லாம் தெரிந்தும் இந்த ஞாயிறு முழுவதும் அந்தப் பார்வைக்கு ஏங்கினேன். நம்பாத பார்வை என்றாலும் பார்வை பார்வைதானே.

திங்கட்கிழமை எழுந்ததும், வாசல்கூடத் தெளிக்காமல், முதலில் தட்டை வைத்தேன். அது திரும்பிக்கொண்டது. நானும் திரும்பி, அதன் முதுகோடு என் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன்.