தப்பித்ததற்கு மார்க் கிடையாது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர். பயிற்சி வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவருக்குக் கைகால் பதறும்போது அதை மிதிப்பது அக்காவின் பொறுப்பு. மிதிக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய பொறுப்பு என்பார். அதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "முன்னால சைக்கிள். நிக்கிற கார்ல கதவு திறக்குது. பந்து உருளுது, பின்னாடியே குழந்தை வரும்." வாய் நின்றால் வண்டியும் நிற்கும்; அக்காவே நிறுத்திவிடுவார். "வாய் மூடுச்சுன்னா கண்ணும் மூடிடுச்சுன்னு அர்த்தம். எறங்கி முகத்தைக் கழுவிட்டு வா."

நான்கு மாதத்துக்கு முன் பள்ளியின் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டியில் சவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை அக்கா ஒரு நாளும் விடவில்லை. போன வாரம் அந்த அம்மாளே வேலைக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகன் மட்டும் மசியவில்லை. அவனுக்கு வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நசுங்கிய வண்டிகளின் படங்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, நசுங்காத வண்டிகளும் ஊரில் ஓடுகின்றன என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி முதலாளி போன் செய்தார். நாளை முதல் வருகிறாரா, இல்லை அக்காவின் வண்டிக்கு வேறு ஆளைப் போட்டுவிடலாமா என்று சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடும்மா. அம்பத்தெட்டு வயசாச்சு. கால் முன்ன மாதிரி சட்டுனு வராது" என்றான் மகன்.

"காலைப் பத்தி காலுக்குத் தெரியும். நீ வாயை மூடு."

மதியச் சாப்பாடு வரை இதே பேச்சு ஓடியது. மருமகளுக்குக் காது வலித்திருக்க வேண்டும். வார நாளெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிக் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிறவள். ஞாயிறு மதியம் கூடத்து டிவியில் கார் பந்தய விளையாட்டு ஆடுவதுதான் அவளுக்கு ஓய்வு. கன்ட்ரோலரை எடுத்து மாமியார் கையில் திணித்தாள்.

"அத்தை, சண்டை அப்புறம் போடலாம். கொஞ்ச நேரம் இதை ஓட்டிப் பாருங்க."

டிவியில் ஒரு நாடே விரிந்தது. கடல், மலை, ஆரஞ்சுத் தோப்பு, நடுவில் ஒரு நகரம். தடையும் கிடையாது, காவலும் கிடையாது. இந்தச் சாலையில்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடுவே வயிறு தரையில் உரசுகிற மாதிரி ஒரு மஞ்சள் கார் உறுமிக்கொண்டு நின்றது.

"வலது விரல் ஆக்ஸிலேட்டர். இடது விரல் பிரேக்."

"காலுக்கு?"

"காலுக்கு வேலையே இல்ல அத்தை."

"இண்டிகேட்டர் எங்க இருக்கு?"

"அது இல்ல."

"இண்டிகேட்டர் இல்லாத வண்டியா? சரி, ஹேண்ட் பிரேக்காவது?"

"இருக்கு. ஆனா நிறுத்துறதுக்கு இல்ல, சறுக்கி விடுறதுக்கு."

அக்கா மருமகளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு வண்டியை எடுத்தார். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்தினார். பின்னால் வந்த ஊதா நிற வண்டி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டுப் பறந்தது. மகன் சோபாவிலிருந்து சிரித்தான்.

"அம்மா, அதுல யாரும் நிக்க மாட்டாங்க."

"நான் நிப்பேன்."

நகரத்தைத் தாண்டியதும் சாலை வெறிச்சென்று ஆனது. அக்காவின் வலது விரல் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தியது. இத்தனை வருடத்தில் பயிற்சி வண்டி நாற்பதைத் தாண்ட அவர் விட்டதில்லை. இங்கே முள் நூறைத் தாண்டியது, நூற்று எழுபதைத் தாண்டியது. மலையிறக்கத்தில் திரும்பியதும் கடல் முழுவதும் ஒரே வீச்சில் எதிரே வந்து நின்றது. அக்காவுக்கு அடிவயிறு லேசாகிச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததை அவர் மறைக்கவும் இல்லை.

"ஏம்மா, இது பொல்லாத சாமானா இருக்கே!"

அதற்குள் எதிரே ஒரு லாரி. விலகிய வேகத்தில் கண்ணாடி உரசுகிற தூரத்தில் தப்பித்தார். திரையில் பொன்னிறத்தில் எண்கள் மின்னின.

"அது என்ன மார்க்?"

"நூலிழையில தப்பிச்சீங்கல்ல, அதுக்கு."

"தப்பிச்சதுக்கு மார்க்கா? எங்க பள்ளியில இப்படித் தப்பிச்சா அன்னைக்கு கிளாஸே கிடையாது, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடற்கரைச் சுவர் நெருங்கியது. அக்கா ஓங்கி மிதித்தார். காலுக்கடியில் இருந்தது தரை விரிப்பு. வண்டி நேராகச் சுவரில் போய் முட்டியது. ஒரு சிராய்ப்போடு குலுங்கி நின்றது.

"பரவாயில்ல அத்தை, இந்தப் பட்டனை அமுக்குங்க. மோதுறதுக்கு முன்னால போயிடலாம்."

"என்னது?"

"நடந்தது நடக்காத மாதிரி ஆயிடும். பின்னால போய் மறுபடி ஓட்டலாம்."

அக்கா கன்ட்ரோலரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். "கையை எடு. மோதினது மோதினதுதான். அந்தப் பட்டனை நான் தொட மாட்டேன்."

கடைசி வரை தொடவில்லை. அடுத்து ஒரு பந்தயத்தில் இறங்கினார். மற்றவர்கள் வேலியை உடைத்துத் தோப்புக்குள் புகுந்து குறுக்கே போனார்கள். அக்கா சாலையை விட்டு இறங்க மறுத்தார். ஆபத்து தெரிந்த இடத்திலெல்லாம் விரலுக்குப் பதில் கால் வேலை செய்தது. பன்னிரண்டு வண்டிகளில் பன்னிரண்டாவதாக வந்தார்.

மகன் எழுந்து உட்கார்ந்தான். "பாத்தியாம்மா? நான் சொன்னா உனக்குக் கோபம் வருது. பன்னெண்டுல பன்னெண்டு. முதலாளிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அக்கா கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டார்.

"நான் என்னைக்குடா ஓட்டுற சீட்ல உக்காந்தேன்? நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்கார்றேன். அதுதான் என் வேலை."

வழக்கமாக ஏழாவதோ எட்டாவதோ வருகிறவன் அவன். அதே பந்தயம் தொடங்கியது. அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். "முன்னால வளைவு. நிழல் இருக்கு, ரோடு ஈரம். வேகத்தை விடு." அவன் விடவில்லை. வண்டி உருண்டு வயலில் கிடந்தது.

"நான் சொன்னேன்ல?"

"சரி, சொல்லும்மா." பந்தயத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்கினான்.

"ரெண்டு பேர் மோதிக்கப் போறாங்க, நீ ஓரமா இரு." இருவரும் மோதிக்கொண்டார்கள். இவன் ஓரமாகத் தாண்டிப் போனான். "புழுதி எழும்புது பார், அங்க ஒரு வண்டி குறுக்க வருது. பிரேக்." வந்தது. "இப்ப போ. போ போ போ!"

மருமகள் டிவியைப் பார்க்கவில்லை. மாமியாரின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கால் தரையில் தொப்பென்று விழுந்தது. ஆபரேஷன் செய்த கால். அதற்கு அப்புறம்தான் அவள் கணவனின் விரல் அசைந்தது.

மகன் மூன்றாவதாக வந்தான். வாழ்நாளில் அவன் அந்த இடத்துக்கு வந்ததில்லை. இருந்தும் முகத்தை இறுக்கிக்கொண்டான்.

"இது வெறும் விளையாட்டும்மா. ரோடு வேற."

"பன்னெண்டாவதா வந்தப்ப விளையாட்டுன்னு தோணலை. மூணாவதா வந்ததும் விளையாட்டு ஆயிடுச்சா?"

மருமகள் பக்கென்று சிரித்துவிட்டாள். "அந்தக் காலைப் பாருங்க. உங்க விரலைவிட முன்னால போகுது."

"வலிக்குதாம்மா?" என்றான் அவன், குரல் இறங்கி.

"கொஞ்சம் இழுக்குது. இழுத்துக்கிட்டே மிதிக்குது."

அவன் கன்ட்ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தான். "போன மாசம் என் மேஜைக்கு ஒரு படம் வந்துச்சு. பயிற்சி வண்டி. உன் சீட் இருக்கிற பக்கம்... அந்தப் பக்கமே இல்லம்மா."

அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த சீட்ல உக்கார்றவளுக்கு பயம் இல்லன்னு நெனச்சியா? பயந்துதான்டா ஒவ்வொருத்தரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். நீயும் பயப்படு, வேண்டாம்னு சொல்லலை. உன் பயத்துக்காக என்னை வீட்ல உக்கார வைக்காதே."

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அக்காவே முதலாளிக்குப் போன் செய்தார்.

"வாங்கம்மா, தாராளமா வாங்க. மாடியில பாடம் எடுங்க. போர்டுல ரோட்டு அடையாளம், கேள்வி பதில். வண்டி பக்கமே போக வேண்டாம். உங்க பையன்கூட மத்தியானம் போன்ல அதைத்தானே கேட்டுக்கிட்டார்?"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவன் கேட்டான், நான் கேக்கலை. போர்டுல கோடு போட எத்தனையோ பேர் கிடைப்பாங்க. நான் வண்டிக்கு வர்றேன். என் வண்டிக்கு" என்றார் அக்கா.

முதலாளி கொஞ்சம் இழுத்தார். காலை ஏழு மணிக்கு ஒரு அம்மா வருகிறார், நாற்சந்தி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார், இரண்டு ஆசிரியர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிட்டார்கள் என்றார்.

"அவங்களையே எனக்குப் போடுங்க."

போனை வைத்தார். மகன் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"ஏழு மணிக்குன்னா சீக்கிரம் கிளம்பணும். நான் கொண்டு போய் விடட்டுமா?"

"விடு. வாசல்ல இறக்கிட்டு அப்படியே திரும்பிடணும். உள்ள வந்து முதலாளிகிட்ட ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் இருக்கு உனக்கு."