மச்சினன் பார்க்காத பறவைகள்

என்னைக் கேலி செய்ய என் மனைவி அதிகம் மெனக்கெட மாட்டாள். "கடல்ல எங்கனயோ பறக்குத காக்கா தெரியும், தட்டுல கெடக்குத முள்ளு தெரியாது" என்பாள். நாற்பத்தைந்து வயதில் கிட்டப் பார்வை மங்கி, வலையின் கிழிசலில் முடிச்சுப் போடக் கண்ணாடி தேட ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேச்சு வீட்டில் ஓடுகிறது. நான் கோபப்பட்டதே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள்தான். ஆனால் இந்தக் கேலியில் பாதி பாராட்டு. தூரப் பார்வையில் புன்னக்காயலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது என்பது என் நம்பிக்கை.

எங்கள் ஃபைபர் வள்ளத்தில் நானும் மச்சினனும் மட்டும்தான். அவன் மனைவிக்குத் தம்பி, என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் பின்னால் மோட்டாரைப் பிடித்திருப்பான். நான் வள்ளத்தின் முன்தலையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பேன். கடல்காக்கைகள் ஒரே இடத்தில் தாழ்ந்து தாழ்ந்து பறந்தால் அங்கே தண்ணீருக்குள் சாளை மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். நான் கையை நீட்டுவேன். அவன் திருப்புவான். இருபத்தைந்து வருஷமாக இதற்குமேல் எங்களுக்குள் பேச்சு தேவைப்படவில்லை.

அறுபத்தொன்றாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலை, வடக்கே, வாடைப் பக்கம் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். கையை நீட்டினேன். வள்ளம் திரும்பியது. போய்ச் சேர்ந்தால் தண்ணீர் சும்மா கிடந்தது. "கெளம்பிப் போயிருச்சு லே" என்றேன். அவன் "ஆமா அத்தான்" என்றான். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை அப்படியே. இரண்டு தடவையும் "ஆமா அத்தான்".

சனிக்கிழமை வேறு மாதிரி. வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "மழை வருது, கரைக்குத் திருப்பு லே" என்று கத்தினேன். அவன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான், பிறகு திருப்பினான். வெறும் வள்ளத்தோடு கரை ஏறினோம். மற்ற வள்ளங்கள் எல்லாம் கடலில் கிடந்தன, மதியம் வரை ஒரு துளி விழவில்லை. நான் கடலைத் திட்டினேன், காக்கைகளைத் திட்டினேன், ஒரு பாவமும் அறியாத மோட்டாரையும் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கோயிலில் பூசைக்கு நின்றேன். மணி அடித்தது. குருவானவர் அப்பத்தை இரண்டு கைகளாலும் மேலே உயர்த்தினார். ஊரே அண்ணாந்து பார்க்கிற நேரம் அது. நானும் பார்த்தேன். அந்த வெள்ளை அப்பத்தின் குறுக்கே, பின்னால் வெள்ளைச் சுவர் முழுக்க, என்னுடைய கடல்காக்கைகள் பறந்துகொண்டிருந்தன. கண்ணை இடது பக்கம் திருப்பினேன், அவையும் இடது பக்கம் வந்தன. வலது பக்கம் திருப்பினேன், பைய மிதந்து வலது பக்கம் வந்தன. "மாதாவே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் என் பக்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மச்சினனைப் பிடித்தேன்.

"ஏலே, வியாழக்கிழமை நீ காக்காயப் பாத்தியா?"

அவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தான். "இல்ல அத்தான்."

"வெள்ளிக்கிழமை?"

"இல்ல."

"மின்னலு?"

"வானம் பளிச்சுன்னுல்லா கெடந்துச்சு."

"பெறவு எதுக்குலே வள்ளத்தைத் திருப்புன?"

"நீங்க சொன்னீங்கல்லா."

அவன் கண் பார்த்ததை விட்டுவிட்டு என் கண் பார்த்ததை நம்பியிருக்கிறான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்வார்களா தெரியவில்லை. முன்தலையில் இருக்கிறவன் கை நீட்டினால் பின்னால் இருக்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது என்று பழகிய புத்தி. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

பக்கத்தில் நின்ற மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நேத்து அடச்ச ரூமுக்குள்ளயும் மின்னுதுன்னு சொன்னீங்கல்லா?" என்றாள். சொல்லியிருந்தேன். அவள் முகம் மாறிவிட்டது. போன வருஷம் ஊரில் கண் முகாம் போட்டபோது, என் பார்வைக்கு முகாம் எதற்கு என்று நான் வீட்டில் இருந்துவிட்டேன். அவள் போய்க் கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கூடி, கூடவே மின்னலும் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று அங்கே சொன்னார்களாம். அன்று மதியமே ஆத்தூர் போய்த் திருநெல்வேலி பஸ் ஏறினோம்.

வழி நெடுக வயலும் வாழைத் தோட்டமும். ஒரு வயலில் கொக்குகள் நின்றன. "அது கொக்குதானா, இல்ல இதுவும் என் கண்ணுல உள்ளதா?" என்று கேட்டேன். "வெள்ளையாத் தெரிஞ்சா நெசம், கறுப்பாத் தெரிஞ்சா பொய்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் கையை விடவில்லை. கல்யாணமான புதிதில்கூடப் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்தது கிடையாது.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயது இருக்கும். என் தலையை ஒரு கருவியில் பொருத்தி, விளக்கைக் கண்ணுக்குள் அடித்து, மேலே பாருங்க, கீழே பாருங்க என்று சொல்லிச் சொல்லி மூலை முடுக்கெல்லாம் தேடினார். நான் வானத்தைத் தேடுகிற மாதிரியே ஒரு மூலையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே மூலைக்கு வந்தார். தேர்ந்த கண்ணை இன்னொரு கண்ணுக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"ஐயா, கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது சுருங்கும். அதுல மிதக்குத தூசிகளோட நிழலைத்தான் நீங்க பறவைன்னு பாத்திருக்கீங்க. அது எல்லாருக்கும் வரும். ஆனா உங்களுக்கு அது சுருங்கும்போது பின்னால உள்ள விழித்திரையை இழுத்துக் கிழிச்சிருக்கு. சின்னக் கிழிசல்தான். விட்டா முழுசா உரிஞ்சு பார்வை போயிரும்."

கிழிசல் என்றால் எனக்குப் புரியும். வலையில் கிழிசல் சின்னதாக இருக்கும்போதே முடிச்சுப் போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை லேசர் வைத்துச் சுற்றிலும் தைத்தது போல அடைத்துவிட்டார்.

"அப்ப காக்கா எல்லாம் போயிருமாம்மா?" என்று கேட்டேன்.

"போகாது ஐயா. பழகிரும்."

டாக்டர் சரி என்று சொல்லும்வரை நான் கடலுக்குப் போகவில்லை. அந்த நாட்களில் பயம் கண்ணை விட்டு வேறு இடத்துக்கு நகர்ந்தது. பார்வை பிழைத்துவிட்டது, சரி. ஆனால் நான் கை நீட்டினால் இவன் மறுபடியும் "ஆமா அத்தான்" என்று திருப்புவானே? உண்மை சொல்ல ஆள் இல்லாமல் நான் எப்படி முன்தலையில் உட்காருவது? அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே நீயும் பாக்கணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். சொல்லலைன்னா நான் வள்ளத்துல ஏறல." அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருபத்தைந்து வருஷமாக அதையேதான் ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

திரும்பக் கடலுக்குப் போன முதல் நாள். வெயில் ஏறி, தண்ணீர் பளபளத்தது. தெற்கே புள்ளிகள் தெரிந்தன, தாழ்ந்து தாழ்ந்து. கை தானாக நீண்டுவிட்டது. மோட்டார் சத்தம் மாறவில்லை. வள்ளம் திரும்பவில்லை.

"காக்கா இல்ல அத்தான்."

திரும்பிப் பார்த்தேன். கடலில் எதற்கும் பயப்படாத மனிதன், திட்டு வாங்கத் தயாராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி தெற்கே பார்த்துக் கண்ணை உருட்டினேன். புள்ளிகள் என்னோடு உருண்டு பைய இறங்கிப் போயின. நீட்டிய கையை மடக்கினேன். உடனே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி ஒரு சந்தோஷம்.

"சரி லே, நேரே போ" என்றேன்.

அன்று பெரிதாக மீன் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "ஒன் தம்பி இன்னைக்கு எம் பேச்சைக் கேக்கல" என்றேன். அவள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கறிக்கென்று எடுத்து வந்த மீனில் பெரியதை அவன் வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.