தேதி இல்லாவிட்டால் இன்றைய தேதி

குறிப்பு எழுதிவைக்கும் ஆப் ஒன்றைத் தயாரிக்கும் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஆறு மேசை, ஒரு ஜன்னல், ஒழுகும் ஏசி, அதன் கீழே ஒரு வாளி. கூட வேலை பார்ப்பவர்கள் அவளைக் 'கறார்' என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்த ஆப், யார் எதை எழுதினாலும் வாயை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் எழுத்தின் அளவு கேட்ட இடத்தில் ஒருவர் 'நல்லா பெரிசா' என்று போட்டுவைக்க, அவர் போனில் ஆப் திறக்கவே மறுத்துவிட்டது. அதுபோலப் புகார்கள் குவிந்ததும் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். செட்டிங்ஸில் எது எண், எது எழுத்து, குறிப்பின் தலையில் வரும் தலைப்பும் தேதியும் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுத வேண்டும். ஸ்கீமா என்பார்கள் அதை.

"விதிக்குப் பொருந்தலேன்னா?" என்று கேட்டாள்.

"ஆப் விழக்கூடாது, அவ்வளவுதான். நீயே ஏதாவது ஒண்ணைப் போட்டு ஓட்டிடு."

எழுத்தளவு தவறாக இருந்தால் பதினாறு. தேதி தவறாக இருந்தால் அன்றைய தேதி. அப்படித்தான் எழுதினாள். சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் மட்டும் இழுத்தார். "பழைய குறிப்புல தேதிக்குப் பதிலா வேற ஏதாவது எழுதியிருந்தா?"

"தேதி கேட்ட இடத்துல கதை எழுதுறவங்களுக்கு நான் என்ன சார் பண்றது?"

அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். வியாழக்கிழமை காலை அப்டேட் எல்லார் போனுக்கும் போனது.

அவள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஐந்து வருடம் முன்பு வேலையில் விழுந்து தலையில் அடி. அதற்கு முந்தியது எல்லாம் அச்சுப்போல ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் ஒரு நாளைத் தாண்டாது. விழுந்து இரண்டு வருடம் கழித்து அம்மா இறந்தாள். தினமும் காலையில் அண்ணன் "அம்மா எங்கே?" என்று கேட்க, தினமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. கடைசியில் அவர் போனில் இந்த ஆப்பைப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல அவளே குறிப்புகளை எழுதினாள். முதல் குறிப்பு: அம்மா இறந்துட்டாங்க.

"தேதி போட்டா எனக்கு என்ன புரியும்? இன்னிக்கு என்ன தேதின்னே தெரியாது" என்றார் அண்ணன். "ரொம்ப நாளாச்சு, அழுது முடிச்சாச்சுன்னு போடு."

தேதியின் இடத்தில் அதையே போட்டாள். அதைப் படித்தால் அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து பல் துலக்கப் போவார். விதி எழுதிய மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு இது நினைவில் தட்டவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா போன் செய்தாள். "உங்க அண்ணன் சட்டைய மாத்திட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாரும்மா. அம்மா தவறிட்டாங்க, உடம்பை வாங்கணும்னு அழறார். நான் சொன்னா கேக்கல."

'அழுது முடிச்சாச்சு' தேதி இல்லை என்று அவள் எழுதிய விதி அதை அழித்து அன்றைய தேதியைப் போட்டிருக்கும்; அன்றைய தேதியை அந்த ஆப் 'இன்று' என்று காட்டும். அம்மா இறந்துட்டாங்க. இன்று. அவள் பையைக்கூட எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி விசாரணை ஜன்னலில் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தவர் மூன்றாவது தடவையாகப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அண்ணனின் முகம் கோணியது.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல? நீகூட சொல்லலையே."

"அண்ணா, அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"கூடவே இருந்த. தலைமாட்டை விட்டு நகரவே இல்ல."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்கிறாளா என்று பார்த்த பார்வை அது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்ததும், மறந்துபோய் அல்ல, உறுதிப்படுத்திக்கொள்ளத்தான், போனைத் திறந்தார். 'இன்று' என்றே இருந்தது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் விதியை மாற்றினாள். பொருந்தாததை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு குறி மட்டும் போட வேண்டும். டெஸ்டர் அவள் மேசையில் டீயை வைத்துவிட்டுப் போனார். ஏற்கெனவே அழிந்த வரிகளைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அண்ணனின் போனில் நகல் எடுக்கும் வசதியை, இடம் போதவில்லை என்று அவளேதான் நிறுத்தியிருந்தாள். தேதியின் இடத்தில் அண்ணன் சொன்னதையே எழுதியிருந்த நூற்று நாற்பது குறிப்புகளில் முதல் குறிப்பின் வரிதான் அவளுக்கு நினைவிருந்தது. அதைத் திருப்பி எழுதிக் காட்டினாள்.

"அழுது முடிச்சாச்சுன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் அண்ணன்.

"நீதான்."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்."

நடந்தது மறந்துபோகும், கலக்கம் மட்டும் தங்கிவிடும் என்றார் டாக்டர். அது உண்மைதான். ஆஸ்பத்திரிக்குப் போனது அண்ணனுக்கு மறுநாளே நினைவில் இல்லை. ஆனால் போனை நீட்டினால் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு அவள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது வேலைக்குக் கிளம்புமுன் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறாள். அம்மா எங்கே என்று கேட்டால் சொல்கிறாள். அழுது ஓயும்வரை இருந்துவிட்டு, தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். சில நாள் அவர் கேட்பதில்லை. கேட்காத நாளில் அவளும் சொல்வதில்லை.