பின்மூடியில் இருந்த குறி

என்னை நானே கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்து வந்து பிடித்த வியாதி. பிறகு நானே படிப்பிக்கத் தொடங்கியதும் அது முற்றிவிட்டது. அப்பாவின் மணிக்கூட்டுக்கு நான் செய்ததை அந்த வியாதிதான் செய்தது. வேறு யாரையாவது குற்றம் சொல்லலாமா என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

அப்பா முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவர். கலியாணத்தன்று அம்மா வீட்டார் அவர் கையில் கட்டிவிட்ட மணிக்கூடு அது. உருக்கில் செய்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டியது. கடலுக்குப் போகும்போதும் கழற்றமாட்டார். மேலே பொலித்தீன் துண்டு ஒன்றைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு போவார். "கடலுக்குள்ள உங்களிட்டை ஆர் நேரம் கேக்கினம்?" என்று அம்மா பகிடி பண்ணுவார். அப்பா சிரிப்பாரே தவிரக் கழற்றமாட்டார்.

எங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. வலையில் கட்டும் மிதவைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். அறுந்து போய் வேறு கரையில் ஒதுங்கினால், குறியைப் பார்த்துத்தான் இன்னார் வீட்டு மிதவை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் குறி ஒரு வளைந்த கோடும் அதன் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறலும். அப்பா கத்தி முனையால் அதை எல்லாவற்றிலும் கீறி வைத்திருந்தார். துடுப்பில், கதிரைக்காலில், சோற்றுச் சட்டியில், என் கொம்பாஸ் பெட்டியில். விட்டிருந்தால் எங்கள் நெற்றியிலும் கீறியிருப்பார். மணிக்கூட்டின் பின்மூடியிலும் கீறினார். அம்மா வீட்டுச் சீதனத்தில் கத்தி வைத்ததற்காக அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லையாம்.

யுத்தம் முடிகிற நேரத்துக் கடைசி இடம்பெயர்வில், தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று பிளாஸ்ரிக் கானோடு போன அப்பா திரும்பி வரவில்லை. மணிக்கூடு அவர் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு இத்தனை வருடமாக அம்மா அப்பாவின் படத்தோடு தெருக்கரைப் போராட்டக் கொட்டிலில், காணாமல் போனவர்களைக் கேட்டு நிற்கும் மற்றத் தாய்மாரோடு போய் இருக்கிறார். மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று அரச கந்தோரிலிருந்து வந்தவர்களை அவர் படலை வாசலோடேயே திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா வருவார் என்றுதான் அம்மா நம்புகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். அவரிடம் ஒருநாளும் கேட்டு விளங்கிக்கொண்டதல்ல. கெட்டிக்காரிகள் கேட்கமாட்டார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, என்னுடைய மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்ற, நான் படிப்பிக்கிற வவுனியாவில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பற்றரி தேடிக்கொண்டிருந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டில் பழைய மணிக்கூடுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். சும்மா கிண்டினேன். ஒன்றைத் திருப்பி, பின்மூடியை வெளிச்சத்தில் பிடித்தேன்.

வளைந்த கோடு இருந்தது. பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. இரண்டாவது கீறல் இருந்த மாதிரியும் இருந்தது, அது வெறும் தேய்மானம் மாதிரியும் இருந்தது. மூடி முழுக்க வேறு கீறல்கள்.

"அண்ணை, இது எங்காலை வந்தது?" என்று கேட்டேன்.

"பாட்ஸ் கழட்ட எண்டு ஒராள் பையோட கொண்டுவந்து வித்திட்டுப் போனது ரீச்சர். வருசக் கணக்காக் கிடக்கு. ஆளை இப்ப கண்டாலும் எனக்குத் தெரியாது."

கொடுப்பதைக் கொடுத்து வாங்கினேன். உடனே பஸ் ஏறி முல்லைத்தீவில் இருக்கும் அம்மாவிடம் போயிருக்க வேண்டும். அந்த மூடியை அம்மாவின் கையில் கொடுத்திருந்தால் அவருடைய பெருவிரல் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும். ஆனால் மணிக்கூடு ஓடவில்லை. எங்கள் வீட்டில் நின்றுபோன மணிக்கூட்டை வைத்திருப்பதில்லை. சுவர் மணிக்கூடு நின்றால்கூட, பற்றரி வாங்கும் வரைக்கும் அம்மா அதைக் கழற்றி விறகுக் கொட்டிலில் கவிழ்த்து வைத்துவிடுவார். வீட்டுக்குக் கூடாதாம். அப்படிப்பட்டவரிடம் அப்பாவின் மணிக்கூட்டை நின்றபடி கொண்டுபோய்க் கொடுப்பது, அவர் திருப்பி அனுப்பிய சான்றிதழை நான் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது போல என்று எனக்குப் பட்டது. ஓடவைத்துக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "உள்ளுக்கு உப்பு ஏறியிருக்கு. கடல்பக்கத்து ஆளின்ரை கையில இருந்ததுதான். சுருள்வில்லும் முறிஞ்சு போச்சு. வேற ஒண்டில இருந்து கழட்டிப் போடவேணும். மூண்டு கிழமை செல்லும்."

உப்பு என்றதும் எனக்கு மிச்ச நிதானமும் போய்விட்டது. "எவ்வளவு நாள் எண்டாலும் பரவாயில்லை அண்ணை. புதுசு மாதிரிச் செய்து தாங்கோ" என்றேன். இந்த வசனத்தை எத்தனை தரம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓடச் செய்தால் போதும் என்று சொல்லியிருக்கலாம்.

படம் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். கடையின் ரியூப் லைற் வெளிச்சம் மூடியில் பட்டு, படத்தில் ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கிறது. அன்று அதைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை போனேன். மனிதர் மணிக்கூட்டை ஒரு துணியில் வைத்து நீட்டினார். டிக் டிக் என்று ஓடியது. புதுக் கண்ணாடி, புது வார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் பெரிய சந்தோசம்.

"பின்மூடி ஒரே கீறலாக் கிடந்தது ரீச்சர். நல்லாப் பொலிஷ் போட்டு எடுத்தனான். அதுக்குக் காசு வேண்டாம், ஆசையாய்க் கேட்டனீங்கள்."

திருப்பினேன். மூடியில் என் முகம் தெரிந்தது.

அந்த மனிதரில் பிழை சொல்ல முடியாது. குறி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். நெடுங்கேணி தாண்டும் வரைக்கும் அதைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். அம்மாவுக்கு முகப்பைப் பார்த்தே தெரிந்துவிடும், நாற்பது வருடத்துக்கு முந்திய மணிக்கூடு, கலியாண மணிக்கூடு, தெரியாமல் போகுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா முற்றத்தில் பாய் விரித்து மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். முகப்பை நெடுநேரம் பார்த்தார்.

"இப்பிடித்தான் இருந்தது. ஆனா அந்தக் காலத்தில முக்கால்வாசிப் பேர் இதைத்தானே பிள்ளை கட்டினவை."

திருப்பினார். பெருவிரலால் மூடியைத் தடவினார். ஒருதரம், இன்னொருதரம்.

"குறி இல்லையே?"

"இருந்தது அம்மா. பொலிஷ் போடேக்குள்ள அழிஞ்சு போச்சு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டு கீறலும் இருந்ததோ?"

"ஒண்டு வடிவாத் தெரிஞ்சது."

"மற்றது?"

"தெரியேல்லை."

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டும் இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை.

"எனக்குக் காட்டாமல் ஏன் செய்யக் குடுத்தனி?"

"நிண்டுபோனதைக் கொண்டுவந்தா நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு நினைச்சன்."

அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை. பள்ளிக்கூடத்தில் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"வருவார் எண்டு நினைச்சோ நான் அந்தத் தெருக்கரையில போய் இருக்கிறன்? கந்தோர்க்காரன் ஒண்டும் தெரியாமல் எழுதித் தாற பேப்பரை என்னெண்டு பிள்ளை நம்புறது? என்ன நடந்ததெண்டு, உண்மையாத் தெரிஞ்ச ஏதாவது ஒண்டு வந்து சொல்லட்டும் எண்டுதான் இவ்வளவு காலமும் இருக்கிறன். அது உன்ரை கையில வந்திருக்கு. நீ அழிக்கக் குடுத்திருக்கிறாய்."

அம்மா மணிக்கூட்டை என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து, பாயில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாக மற்றப் பக்கம் திருப்பத் தொடங்கினார்.