பாதி நான் சொன்னேன், மீதியை ஊர் சொன்னது

மாதாவை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, மரக்காணத்திலிருந்து ஸ்டெல்லா எழுதுகிறேன். போன வருடம் என் தொண்டைக்குள் ஒரு கட்டி வந்தது. அதற்காக மாதாவிடம் நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை.

உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அரைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே நாள் முழுக்கக் கத்த வேண்டும். சாயங்காலமானால் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் எங்கள் ராக் பேண்ட் பயிற்சி. தம்பி ஆன்டோ கிடார், அவன் கூட்டாளி ரஃபி டிரம்ஸ், பாடுவது நான். அங்கேயும் கத்தல்தான். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "பேசலாம்மா. பாட்டு மட்டும் வேணாம். மறுபடி கிழிஞ்சா பேச்சும் போயிடும்" என்றார்.

அன்றைக்கு அழுதேன். அழுகைக்குக்கூட சத்தம் வரவில்லை. ஆன்டோ கிடாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். உப்புக்காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடித்தது. அவன் பாடலாமே என்று கேட்பீர்கள். அவன் வாயைத் திறந்தால் கட்டின மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். "மாதாவே, என் குரலைத் திருப்பிக் கொடு" என்று தினமும் கேட்டேன். கரகரப்புதான் மிஞ்சியது.

அப்படியே கோயில் திருவிழா வந்தது. மாலைத் திருப்பலி முடிந்து மைதானம் நிறைய ஜனம். பாட்டுக் கச்சேரிக்குப் புதுச்சேரியிலிருந்து வர வேண்டிய குழுவின் வேன் வழியிலேயே நின்றுவிட்டதாக போன் வந்தது. மேடை காலி. முந்தின திருவிழாவில் இதே இடத்தில்தான் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் உப்பளத் தெருப் பிள்ளைகளுக்கும் சண்டை வந்து மண்டை உடைந்தது. இப்போதும் இரண்டு பக்கமும் விசில் தொடங்கிவிட்டது. பங்குச் சாமியார் வியர்த்து வழிய என்னிடம் வந்தார்.

"ஸ்டெல்லா, உங்க பசங்கள மேடையேறச் சொல்லும்மா. கொஞ்ச நேரம் சமாளிச்சா போதும்."

"பாடுறதுக்கு ஆள் இல்லியே ஃபாதர்."

"தெரியும்மா. நீ பாட வேணாம். சும்மா வாசிக்கட்டும்."

கொட்டகையிலிருந்து டிரம்ஸ் வந்தது. ஆன்டோ துருப்பிடித்த கம்பியோடு வாசித்தான். கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்கள். "பாட்டு எங்கடா?" என்று ஒருவன் கத்தினான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து ஆன்டோவின் காலடியில் விழுந்தது. எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். என்ன நினைத்தேனோ, படியேறி மைக்கைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, வேணாம்க்கா!" என்றான் ஆன்டோ.

நாங்களே கட்டின பாட்டு ஒன்றை எடுத்தேன். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. நாலாவது வரியில் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டைக்குள் ரத்த ருசி. ஊளைச் சத்தம் எழுந்தது. பேச்சும் போயிற்று என்றே நினைத்தேன். பயம் வந்தால் சின்ன வயதிலிருந்து வாயில் வருவது மாதாவின் மன்றாட்டு மாலைதான்; ஒருவர் அவள் பெயர்களை ஒவ்வொன்றாக விளிக்க, மற்றவர்கள் பதில் சொல்லும் ஜெபம். மைக் கையில் இருப்பதையே மறந்து, கண்ணை மூடி முணுமுணுத்தேன்.

"நோயுற்றோரின் ஆரோக்கியமே..."

முன் வரிசையில் இருந்த பெண்கள், யோசிக்காமல், பழக்கத்தில் பதில் சொன்னார்கள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். எனக்குப் பின்னால் டிரம்ஸில் தொம் தொம் என்று அடி விழுந்தது. ரஃபி! சரியாக அந்தப் பதிலின் நடைக்கே அடிக்கிறான். அடுத்த விளியைச் சொன்னேன். இந்தத் தடவை பாதி மைதானம் பதில் சொன்னது. அதற்கடுத்து முழு மைதானமும். ஆன்டோ கிடாரை அலற விட்டான். நான் இரண்டு சொல் சொன்னால் போதும். மீதியை அவர்கள் பாட, என் தொண்டை ஓய்வெடுத்துக்கொண்டது. எறிவதற்கு நாற்காலியைத் தூக்கிய பிள்ளைகள் அதன்மேலேயே ஏறி நின்று கை தட்டினார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். நான் அழுதுகொண்டே அடுத்தடுத்த விளியைச் சொன்னேன்.

இறங்கினதும் ஆன்டோ கேட்டான். "டேய் ரஃபி, உனக்கு எப்படிடா இது தெரியும்?"

"கோயிலுக்குப் பின்னாடிதானே எங்க வூடு? தெனம் ஸ்பீக்கர்ல கேக்குறேன். உன்ன விட எனக்கு நல்லா மனப்பாடம்."

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, "லேசா ஒரசல்தான், கிழியல. தப்பிச்சே" என்றார். அன்றைக்கு மைக்செட் போட்டவர் சொல்லித்தான் குயிலாப்பாளையத்தில் ஒரு மேடை கிடைத்தது. அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் கூப்பிடுகிறார்கள். இப்போது எங்கள் பாட்டெல்லாம் அப்படித்தான். நான் கொஞ்சம், கேட்கிறவர்கள் மிச்சம். தைரியமாக வாசிக்கிறான் ஆன்டோ, பாட மட்டும் அவனை நாங்கள் இன்னும் விடவில்லை.

என் குரல் இன்றைக்கும் கரகரப்புதான். நான் கேட்டதை மாதா கொடுக்கவில்லை என்று இனி சொல்ல மாட்டேன். ஒரு குரல் கேட்டேன், ஊரையே கொடுத்தாள். உங்களில் யாருக்காவது கஷ்டத்தில் ஜெபம் பாதியில் நின்றுபோனால் பயப்படாதீர்கள். வருகிற அளவுக்கு, வாய் விட்டுச் சொல்லுங்கள். மீதியைச் சொல்ல யாரோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.