கொட்டடிக்கிற குரங்கு

பிள்ளைகளா, போன வாரம் டிவியில் ஒருவர் தன்னுடைய சின்ன வயதுக் கிறிஸ்துமஸைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும், "அப்பா, உங்க காலத்துல எல்லாம் நல்லா இருந்திருக்கும்ல?" என்று கேட்டீர்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சும்மா தலையை ஆட்டிவிட்டேன். அது பொய். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன், கணக்குச் சீட்டு தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் நீங்கள் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நன்றாகவெல்லாம் இல்லை. அந்தக் காலத்துப் பொம்மை என்றால் என்ன? தகரத்தை மடக்கி வர்ணம் பூசியிருப்பான். எச்சில் பட்டால் வர்ணம் நாக்கில் ஒட்டும். விளிம்பு விரலைக் கிழிக்கும். பிளாஸ்டிக்கில் ஒரு பஸ் வரும். டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லாரையும் காகிதத்தில் அச்சடித்து ஜன்னலில் ஒட்டியிருப்பான், எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சக்கரம் மட்டும் சுற்றாது. உங்கள் அத்தைக்கு, படுக்கவைத்தால் கண்ணை மூடும் என்று சொல்லி ஒரு பொம்மை வாங்கினார்கள். ஒரு கண்தான் மூடியது. இன்னொரு கண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அவள் பயந்துபோய் அதைக் குப்புறப் படுக்கவைத்தாள். இதையெல்லாம் நினைத்து ஒரு பெரிய மனுஷன் இன்றைக்குக் கண் கலங்குகிறான் என்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

துணி எடுக்கிற கதையும் அப்படித்தான். ஒரே பீஸில் கிழித்து எனக்குச் சட்டை, தங்கைக்குக் கவுன், மிச்சத்தில் தலையணை உறை. கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் நாங்கள் இரண்டு பேரும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். எங்கள் தலையணையும் அதே பூப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது குரங்கைப் பற்றி. எனக்குப் பத்து வயது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் சாக்கு, கயிறு கடை. எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு ஃபேன்சி ஸ்டோர். அந்த முதலாளி நவராத்திரிக்குக் கொலு பொம்மை அடுக்கிவைப்பார், தீபாவளிக்குத் துப்பாக்கி தொங்கவிடுவார், டிசம்பர் பிறந்தால் காகித நட்சத்திரம் தொங்கவிடுவார். எந்தச் சாமிக்கும் அவர் வஞ்சகம் செய்ததில்லை, எந்தச் சாமி பேரைச் சொல்லியும் விலையைக் குறைத்ததும் இல்லை. அந்த வருஷம் நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு தகரக் குரங்கு வந்து உட்கார்ந்தது. சாவி கொடுத்தால் மடியிலிருக்கிற கொட்டு மேளத்தை இரண்டு கையாலும் அடிக்கும். அது எனக்கு வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் நிற்பேன். சோறு இறங்கவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அந்தப் பாடு படுத்தியதில் அம்மா அப்பாவிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைவீதியில் சாமான் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கடைக்காரர் ஒரு விலை சொல்வார். வாங்குகிறவர் அதில் பாதி சொல்வார். கடைக்காரர் சிரிப்பார். வாங்குகிறவர் சாமானைக் கீழே வைத்துவிட்டுப் படி இறங்குவார். கடைசிப் படியில் கால் வைக்கும்போது, "அண்ணே, வாங்க, ஒரு விஷயம்" என்று கடைக்காரர் கூப்பிடவேண்டும். பிறகு திரும்பிப் போய் இரண்டுக்கும் நடுவில் முடிப்பார்கள். இரண்டு பேருக்கும் முடிவு என்னவென்று முதலிலேயே தெரியும். தெரிந்தும் அரை மணி நேரம் ஆடுவார்கள். இதற்கு வியாபாரம் என்று பெயர். என் அப்பா இதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். சொன்ன விலைக்கு அவர் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

முதலாளி பன்னிரண்டு ரூபாய் சொன்னார். அப்பா ஆறு என்றார். முதலாளி சிரித்தார். அப்பா குரங்கை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். முதல் படி. இரண்டாம் படி. கடைசிப் படி. கூப்பிடவில்லை. அப்பா தெருவில் செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்து நின்றார். அப்போதும் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். முதலாளி சாவகாசமாக ஒரு நட்சத்திரத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா என் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பி, நடந்தார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தின மாதம் முதலாளி எங்கள் கடைக்குக் கயிறு வாங்க வந்து, விலை படியாமல் இறங்கியிருக்கிறார். அப்பா கூப்பிடவில்லையாம். அதற்குத்தான் இந்தப் பதிலுக்குப் பதில். நன்றாக வளர்ந்த இரண்டு ஆம்பளைகள், இரண்டு பேருக்கும் பிள்ளைகுட்டி உண்டு, ஒருவர் எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கிறார், இன்னொருவர் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறார். இவர்கள் ஒரு தகரக் குரங்கை நடுவில் வைத்துக்கொண்டு முறைத்தார்கள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் இதே பேச்சு. எதிர் டீக்கடைக்காரர்தான் தூது. "அவரு கூப்புட்டா நான் போறேன்" என்று அப்பா சொல்லுவார். "அவரு வந்தா நான் கூப்புடுறேன்" என்று அங்கேயிருந்து பதில் வரும். டீக்கடைக்காரருக்கு இதில் ஏகப்பட்ட டீ விற்றது. அம்மா, "நான் போயி வாங்கியாந்துறட்டா?" என்று ஒரு தடவை கேட்டாள். "போ. போயிட்டு அங்கனயே இருந்துக்க" என்றார் அப்பா.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அம்மா என்னை மெழுகுவர்த்தி வாங்க அனுப்பினாள். நான் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். பஸ் பிடித்துச் சின்னமனூரிலிருந்தும் ஓடைப்பட்டியிலிருந்தும் வந்த கூட்டம் உள்ளே நெருக்கியடித்தது. குரங்கு அப்போதும் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்துவிட்டுக் கல்லாவிலிருந்து குனிந்து சொன்னார்.

"ஏலே, ஒங்கப்பாரச் சும்மா வந்து கீழ்ப் படியில நிக்கச் சொல்லு. மேல ஏற வேணாம். நானே கூப்புட்டுக்கிறேன். எட்டு ரூவாய்க்கு முடிச்சுக்கிருவோம். நாளைக்கு ஒங்களுக்குப் பண்டிகையில்ல."

இது நல்ல ஏற்பாடு. இதை அப்படியே போய்ச் சொல்லியிருந்தால் என் அப்பா ஒரு வேளை போயிருப்பார். ஆனால் எனக்கு அந்த 'ஒரு வேளை' போதவில்லை. கீழ்ப் படியில் நிற்கச் சொன்னார் என்றால் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிடும் என்று பயந்தேன். வழி நெடுக யோசித்து, அதைவிட நல்லதாக ஒன்றைத் தயார் செய்தேன்.

"அப்பா, அந்த மொதலாளி, தப்பு எம்மேலதான், ஒங்கப்பாருட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுன்னு சொன்னாக."

அப்பா சாக்கு மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவனா சொன்னான்?"

"ஆமாப்பா. எல்லாரும் இருக்கும்போதே சொன்னாக."

இரண்டாவது பொய்க்கு அவசியமே இல்லை. முதல் பொய் நன்றாகப் போனதால் வந்தது.

அப்பா சிரித்தார். நான் அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் முகம் கழுவி, மறுநாளைக்கென்று தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். போகிற வழியில் டீக்கடைக்காரரையும், "வாரும், ஒரு வேடிக்கை பாக்கலாம்" என்று கூட்டிக்கொண்டார். சாயந்தரம் நல்ல கூட்ட நேரம். அப்பா படியில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பரவாயில்லப்பா" என்றார். "மனுசன்னா தப்புப் பண்றதுதான். நீ உணந்த பாரு, அது போதும் எனக்கு."

முதலாளி பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். "என்னத்த உணந்தேன்?"

"எம் மகன்ட்ட மன்னிப்புக் கேட்டு விட்டியாமுல்ல."

"நானா? எதுக்கு?"

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குரங்கைப் பார்த்தேன்.

இங்கே நான் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். முதலாளிக்கு நடந்தது புரிந்துவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்தால் யாருக்கும் புரிந்திருக்கும். "ஆமாண்ணே, சொன்னேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது. கடை நிறையக் கூட்டம் இருந்தது, அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. சிரித்தார். "அண்ணே, ஒங்க மகன் ஒங்களவிட நல்லா யாவாரம் பண்றான்" என்றார். கூட்டம் சிரித்தது. டீக்கடைக்காரர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். ஒன்பது நாள் எங்கள் கடையிலும் உட்கார்ந்து டீ விற்றவர் அவர்.

அப்பா எழுந்தார். "அந்தக் கொரங்கு என்ன வெல சொன்ன?"

"எட்டு ரூவா குடுங்கண்ணே" என்றார் முதலாளி. அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"அன்னிக்கு என்ன வெல சொன்ன?"

"அது அன்னிக்கிச் சொன்னது. விடுங்கண்ணே."

"பன்னெண்டுதான சொன்ன. பிடி."

பத்து ரூபாய்த் தாள் ஒன்றும் இரண்டு ரூபாய்த் தாள் ஒன்றும் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். முதலாளி எட்டு போக மீதிக்கு இரண்டு ரூபாய்த் தாள்கள் இரண்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார். அப்பா முதல் படி இறங்கும்போதே, "அண்ணே, அண்ணே, வாங்க, ஒரு விஷயம்" என்று கூப்பிட்டார். அப்பா நிற்கவில்லை. தெருவிலும் கூப்பிட்டார். எங்கள் கடை வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.

அப்பா என்னை அடிக்கவில்லை. வீட்டில் குரங்கை அம்மாவிடம் கொடுத்து, "ஒம் மகனுக்கு" என்றார். நல்ல சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பனியனோடு திரும்பக் கடைக்குப் போனார். தகரக் குரங்குக்காக ஊர் சிரிக்கிற மாதிரி நடந்துகொண்ட பெரியவர்களை நான் இன்றைக்கும் மதிக்கவில்லை. அதில் என் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அவர்களையெல்லாம் மதிக்காமல் இருப்பது சுலபம். ஒருவரையொருவர் கூப்பிடாமல் இருந்ததுதான் அவர்கள் செய்த தப்பு. அப்பாவைப் புதுச் சட்டை போட வைத்து, சாட்சிக்கு ஆளோடு அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது நான். அப்படிக் கிடைத்த பொம்மையை நினைத்து நான் டிவியில் வந்து உருகவேண்டுமா?

அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். தங்கை அடுப்படியில் அவளோடு இருந்தாள். நான் குரங்கை எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தேன். ஐந்தாறு தட்டுத் தட்டியது. பிறகு ஒரு கை மட்டும் அடித்தது, இன்னொரு கை மேலேயே நின்றுவிட்டது. கையில் திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்டேன். பென்சிலால் பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் ரூபாய்க்கு அடையாளமாக ஒரு சுழி போட்டிருந்தது.

மறுநாள் கோயில் முடிந்ததும் போடியிலிருந்து மாமா வீட்டார் வருவார்கள். எங்கள் சொந்தத்தில் யார் வந்தாலும் புதுச் சாமானைக் கையில் எடுத்தவுடன் செய்கிற முதல் வேலை அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. தட்டானாலும் சரி, கடிகாரமானாலும் சரி. "என்ன வெல? நல்லா ஏமாந்துட்டீக" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார்கள்.

நான் குரங்கைக் கொண்டுபோய்க் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டை நனைத்து நகத்தால் சுரண்டினேன். நல்ல கோந்து, லேசில் வரவில்லை. பன்னிரண்டில் ஒன்று போனது, இரண்டு நின்றது. ஒரு ஓட்டுச் சில்லை எடுத்துத் தேய்த்தேன். காகிதமும் போனது, அதற்கு அடியிலிருந்த சிவப்பு வர்ணமும் போய் வெறும் தகரம் தெரிந்தது. விரலில் ஒட்டிய காகிதத் துணுக்குகளைச் சேர்த்து உருட்டிச் சாக்கடையில் போட்டேன். பிறகு குரங்கைச் சட்டையில் துடைத்து, ஒருவரும் பார்ப்பதற்கு முன்னால் கொண்டுபோய் அம்மா வைத்திருந்த இடத்திலேயே வைத்தேன்.